கம்பாரில் வரும் பசி

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த இளம்பெண், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரியில் இப்போது உணவு ஆலோசகராக இருக்கிறாளாம். நான் பழைய மிசி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாதிகளை இங்கே எல்லோரும் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இப்ப நாங்க எடை மெஷின வச்சு யாரையும் வெரட்டுறதில்ல மிசி. அத வீட்ட விட்டு வெளிய போட்டுட்டு, பசிச்சா சாப்பிடு, போதும்னா நிறுத்துன்னு சொல்லிக் குடுக்கிறோம். உள்ளுணர்வோட சாப்பிடுறதுன்னு பேரு. புது முறை லா. உங்க காலத்துல எடையச் சொல்லியே ஆள மெரட்டுவீங்களாமே?"

வாய் நிறையப் பாயசம் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விழுங்கி முடிப்பதற்குள் அவளை யாரோ புகைப்படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல பெண்தான், இங்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும்போல் பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுகிறவள். ஆனால் "புது முறை" என்று சொன்னாள் பாருங்கள், அது எனக்குச் செரிக்கவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் தாப்பாவுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பால் மரம் வெட்டினார்கள். பள்ளிக்கூடம் முடித்து, தாதிப் பயிற்சிக்கு எடுபட்டு, இரவு பகல் மாறி மாறி வேலை பார்த்து, சீருடைக்குக் கஞ்சி போடுவதிலிருந்து தையல் பிரிப்பதுவரை கற்றுக்கொண்டு வெளியே வந்தபோது எழுபதுகள் தொடங்கியிருந்தன. அறுவைப் பகுதியில் நல்ல பெயர் எடுத்தேன். காயம் கட்டினால் ராஜம்தான் கட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து என்னை உணவுக் கிளினிக்குக்கு மாற்றினார்கள். புறநோயாளிப் பகுதிக்குப் பின்னால் ஒரு நீண்ட அறை. இனிப்பு நீர்க்காரர்கள், இரத்தக் கொதிப்புக்காரர்கள், எடை குறைக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என்று வருவார்கள். காயம் கட்டிய கைக்குச் சோறு அளக்கிற வேலையா என்று முதல் வாரம் முழுக்க மனசு ஆறவில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரி மிஸ் லோ. சீனப் பெண். வெளிநாட்டில் படித்து வந்த உணவியல் நிபுணர். ஆனால் அவருடைய அப்பா சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் மிஸ் லோவின் தமிழ் என் தமிழைவிடப் பச்சையாக இருக்கும். முதல் நாள் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியே, "நீ காலையில சாப்டியா, இல்ல சும்மா வெறும் வயித்தோட வந்து நிக்கிறியா?" என்பதுதான்.

காலையில் கதவைத் திறந்ததும் அவர் முதலில் தொடுவது தராசைத்தான். ஆள் ஏறி நிற்கிற உயரமான இரும்புத் தராசு அது. மேலே இரண்டு குண்டுகள் நகரும் சட்டம். இரண்டையும் இடது கோடிக்குத் தள்ளிவிட்டு, சட்டம் நடுவில் மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு அலமாரியில் இருக்கும் முத்திரை குத்திய இரும்புக்கல்லைத் தூக்கி வைத்து, தராசு உண்மை சொல்கிறதா என்று சோதிப்பார். அதற்குப் பிறகுதான் முதல் நோயாளி. செருப்பைக் கழற்ற வேண்டும், மடியில் இருக்கும் வெற்றிலைப் பையை எடுத்து வைக்க வேண்டும், நடுவில் நிற்க வேண்டும், எதையும் பிடிக்கக் கூடாது. பெரிய குண்டை முதலில் நகர்த்தி, சின்னக் குண்டை விரல் நுனியால் தட்டித் தட்டிக் கொண்டுபோவார். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான் ஒருமுறை வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். மிஸ் லோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அது அந்தம்மாவோட எடை. நீ ஏன் பசாருல மீன் வெலை மாதிரி கூவுற?"

அதோடு சரி. குரலை உயர்த்தியதில்லை. நோயாளி ஏறும்போது நம் முகத்தில் புருவம்கூட அசையக் கூடாது என்பது அவருடைய சட்டம். இப்படி ஒழுங்கோடு நடந்த இடத்தைத்தான் "மெரட்டுவீங்களாமே" என்று கேட்டாள் அந்தப் பெண்.

எழுபதுகளின் நடுவில் அஞ்சலை வந்தாள்.

ஈப்போவிலிருந்து தாப்பா போகும் பஸ்ஸில் கண்டக்டர். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். இடது புருவத்துக்கு மேல் புதுத் தையல். பிறந்து வளர்ந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், அம்மாவும் அவளும் புந்தோங்கில் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, தோளில் காசுப்பை, கையில் டிக்கெட் கட்டு. நல்ல வாய்த்துடுக்கு. ஆனால் பருத்த உடம்பு. பஸ்ஸின் நடைவழியோ குறுகல். ஏறுகிறவர்களில் எவனாவது ஒருவன், "அக்கா, நீங்க எறங்கிட்டா ரெண்டு பேரு ஏறலாம்" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒருநாள் கம்பாரைத் தாண்டியதும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். டிரைவர் அப்போதுதான் வேகத்தைக் குறைத்திருந்தார். ரோட்டில் விழாமல், படிக்கும் கம்பிக்கும் நடுவே சிக்கிக்கொண்டதால் உயிர் தப்பியது. பஸ் கம்பெனியில், டாக்டர் சரி என்று எழுதிக்கொடுத்தால்தான் மறுபடி கண்டக்டர் வேலை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் சோதித்தார். இனிப்பு நீர் இல்லை, இருதயம் சரி, இரத்தம் மட்டும் குறைவு. எடையைக் குறைக்கட்டும் என்று எங்களிடம் அனுப்பினார். மாதாமாதம் வர வேண்டும். மயக்கம் வராது என்று நாங்கள் சொன்னால் அவர் கையெழுத்துப் போடுவார்.

வழக்கப்படி தராசில் ஏறச் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றினாள். பிறகு தோட்டைக் கழற்றினாள். கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி என் மேசையில் வைத்தாள். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறினாள். நான் குண்டை நகர்த்தி முடித்ததும், இறங்கி மறுபடி ஏறினாள்.

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"சில நேரம் ரெண்டாவது தடவ கொறயும் மிசி."

காயம் கட்டிய காலத்தில், கட்டுக்கு மேலே மோந்து பார்த்தே உள்ளே சீழ் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் ஏதோ பட்டது. எடையை எழுதாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

வீட்டில் எடை மெஷின் இருக்கிறதாம். கால் வைத்து ஏறுகிற சின்னது, நீல நிறம், முதல் மாசச் சம்பளத்தில் ஈப்போவில் வாங்கியது. குளியலறையில் வைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும், குளித்ததும், வேலைக்குப் போகுமுன், வந்தபின். "முள்ளு கீழ இருந்தா அன்னிக்கு நல்ல நாளு மிசி. சாப்டுவேன். நெறையச் சாப்டுவேன், வயிறு வலிக்கிற வரைக்கும். மறுநா எங்க இருக்குமோ தெரியாதுல்ல. முள்ளு மேல போயிருந்தா பால் போடாத கோப்பி ஓ மட்டுந்தான்."

"விழுந்த அன்னிக்கு?"

"மேல போயிருந்திச்சு. அதுக்கு மொத நாளும் மேலதான்."

அப்புறம் ஒன்று சொன்னாள். குளியலறைச் சிமெண்டுத் தரை மேடும் பள்ளமுமாக இருக்குமாம். மெஷினை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியோரத்து மூலையில் வைத்தால் குறைத்துக் காட்டும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். "அந்த மூலையில ஏறினாத்தான் எனக்கு வேலைக்குப் போகவே தெம்பு வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் சிரிக்கிற அதே சிரிப்பாக இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிஸ் லோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எடை குறைப்புக்காரர்களுக்குக் கொடுப்பதற்கென்று எங்களிடம் ஓர் உணவு முறை தயாராக இருந்தது. இத்தனை கரண்டி சோறு, வாரம் ஒருமுறை தராசு. இவளுக்கு அதைக் கொடுத்தால் வீட்டில் ஒரு தராசு, இங்கே ஒரு தராசு என்று ஆகிவிடும், மறுபடி விழுவாள் என்றேன். மிஸ் லோ பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.  மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"டாக்டருக்கு எடை வேணும். அத நம்ம குடுக்கலாம். ஆனா அவளுக்குத் தெரிய வேணாம். திருப்பி நிறுத்து."

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த முறையிலிருந்து அஞ்சலை சட்டத்துக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் முகத்துக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்று. குண்டு தட்டும் சத்தத்தை வைத்து அவள் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்று மிஸ் லோ இரண்டு குண்டுகளையும் முன்னும் பின்னும் நகர்த்திக் குழப்புவார். பார்த்து முடித்ததும் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் அவளைத் திரும்பச் சொல்வோம்.

வீட்டு மெஷின்தான் பெரிய சுசாவாக, தொல்லையாக இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடு என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது இல்லாம எனக்கு எப்படி மிசி தெரியும், நான் அன்னிக்குச் சாப்டலாமா வேணாமான்னு?"

இத்தனை வருட வேலையில் நான் கேட்ட கேள்விகளில் என்னை அசைய விடாமல் உட்கார வைத்தது அதுதான். மிஸ் லோ கேட்டார்: "ஒனக்குப் பசி எங்க வரும்?"

"வயித்துலதான்."

"அது இல்ல லா. பஸ்ஸுல. ஈப்போவுல ஏறுற, சிம்பாங் பூலாய், கோப்பெங், கம்பாரு, தாப்பா. எந்த ஊருல பசி வருது?"

அஞ்சலை யோசித்தாள். தெரியவில்லை என்றாள். மிஸ் லோ, "சரி, அதான் ஒனக்கு வேலை. பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். கம்பெனி அவளைப் படிக்கட்டு வேலையில் விடாமல், நிலையத்தில் டிக்கெட் எண்ணவும், உட்கார்ந்தபடி பஸ்ஸில் போய் கணக்குக் கொடுத்து வரவும் வைத்திருந்தது. அதனால் தினமும் அந்த வழியில் போய்வந்துகொண்டுதான் இருந்தாள்.

அடுத்த முறை வந்தபோது கையில் ஒரு துணிப்பை. மெஷின். மேசைமேல் வைத்துவிட்டு, "கம்பாரு" என்றாள். "கோப்பெங்ல லேசா இருக்கு. கம்பாருல வயிறு இழுக்குது. அப்புறம் அதத் தாண்டிட்டா பசி போயிருது, கை நடுங்குது. தாப்பா வரும்போது ஒண்ணுமே தெரியல. ஆனா சோத்தப் பாத்தா நிறுத்த முடியல."

மிஸ் லோ என்னைப் பார்த்தார். அந்தப் பெண் எங்களுக்குப் பாடமே எடுத்துவிட்டாள். கம்பாரில் பசித்தால் கம்பாரில் சாப்பிட வேண்டும் என்றோம். பஸ் நிற்கும் நேரத்துக்குள் முடிகிற மாதிரி வீட்டிலிருந்து எதையாவது கொண்டுபோகச் சொன்னோம். எது வேண்டுமானாலும். அவளுக்கு அது பயமாக இருந்தது. எது கூடாது என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். இன்னது கூடாது என்று நாங்கள் எதையும் சொல்லவில்லை. பாதி சாப்பிட்டதும் கையை எடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, இன்னும் ருசியாக இருக்கிறதா என்று மட்டும் பார் என்றோம்.

நேராக மேலே போன பாதை அல்ல அது. மெஷின் எங்கள் அலமாரியில் இருந்தபோதே ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கடைத்தெருவில் காசு போட்டால் எடை காட்டுகிற பெரிய மெஷின் ஒன்று இருந்தது. மூன்று நாளாக அதில் ஏறியிருக்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் மிஸ் லோ கேட்டார்.

"ஏறி எறங்கினதும் என்ன சாப்ட?"

"ஒண்ணும் சாப்டல."

"பசிச்சிச்சா?"

"நல்லாப் பசிச்சிச்சு."

"அந்த மெஷினுக்கு அது தெரிஞ்சிச்சா?"

அஞ்சலை அழுதாள். நெடுநேரம் அழவிட்டோம். பிறகு நான் போய் அவளுக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்தேன். பாதி குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் மிசி" என்று கிளாஸைக் கீழே வைத்தாள். மிஸ் லோ மேசைக்கு அடியில் என் காலை லேசாக மிதித்தார். கவனித்தாயா என்று அர்த்தம்.

என் விடுமுறை நாளில் ஒருமுறை அவளோடு தாப்பாவரை பஸ்ஸில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. கிளினிக்கில் கேட்டுக் கேட்டு எழுதிய பாதையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கம்பாரில் பஸ் நின்றதும் அவள் பையிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து, யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்காமல் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைக் கேலி செய்து பின்னால் இருந்து எவனோ, "அக்கா மாக்கான் நேரம்!" என்று குரல் கொடுத்தான். அவள் திரும்பி, "ஆமா லா, ஒனக்கும் வேணுமா?" என்றாள். 

தாப்பாவில் இறங்கியதும் ஒரு மலாய்க்கார அம்மா விற்ற நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கினோம். ஒரு வருடமாக அதை அவள் தொட்டதில்லையாம். தொட்டால் நான்கு பொட்டலம் போகுமாம். பெஞ்சில் உட்கார்ந்து இலையைப் பிரித்தோம். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். காரச் சம்பலை நக்கினாள். நெத்திலியை ஒன்று ஒன்றாகப் பொறுக்கிச் சாப்பிட்டாள். நான் என் பொட்டலத்தை முடித்துவிட்டேன். அவள் பாதிக்கு மேல் போய், கையை நிறுத்தி, தண்ணீர் குடித்தாள். இன்னும் இரண்டு வாய். பிறகு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அஞ்சல?"

"ருசி கொறஞ்சிருச்சு மிசி. அதே சோறுதான். ஆனா மொத வாய் மாதிரி இல்ல." நம்பாமல் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். "ஆமா லா. கொறஞ்சிருச்சு."

மிச்சச் சோற்றோடு இலையை மடித்தாள். இத்தனைக்கும் சோற்றை வீணாக்கினால் அடி விழுகிற தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள். மடித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பெரிய அறுவை முடிந்து கண் விழிக்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் பார்வையும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் டாக்டர் அவளைத் திரும்பப் பார்த்தார். நானும் மிஸ் லோவும் கூட நின்றோம். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் குறையலையே?" என்றார். உண்மைதான். கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

மிஸ் லோ, "இவ எடைக்காக வரல டாக்டர். மயக்கம் போட்டு விழுந்து வந்தா. அதுக்கப்புறம் விழல. இரத்தத்தப் பாருங்க" என்றார்.

டாக்டர் பார்த்தார். இரத்தம் ஏறியிருந்தது. என் பக்கம் திரும்பி, "தாதி என்ன சொல்றீங்க? பஸ்ஸுல நிக்கலாமா?" என்று கேட்டார்.

"நான் அவகூட பஸ்ஸுல போய்ப் பாத்திருக்கேன் டாக்டர். நேரத்துக்குச் சாப்டுறா. தாராளமா நிக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வார்த்தைக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

வெளியே வந்ததும் மிஸ் லோ அஞ்சலையிடம் கேட்டார்: "இவ்ளோ நாளா ஒன் எடைய மறச்சு வச்சிருந்தோம். இனி அது ஒன் இஷ்டம். சொல்லட்டுமா?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். 

"பசிக்குது மிசி. சாப்டுட்டு வாரேன்" என்றாள். போனவள் அதைக் கேட்கத் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் காக்கிச் சட்டையோடு பஸ்ஸில் நின்றாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மிஸ் லோ பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். கிளினிக்கை நான் பார்த்துக்கொண்டேன். தராசைத் திரைக்குப் பின்னால் நகர்த்தினேன். இருதயக்காரர்களுக்கும் கால் வீங்கியவர்களுக்கும் எடை கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் கை வைக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து வருகிறவர்களிடம் முதல் கேள்வி, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அப்போது பசித்ததா என்பதாக மாறியது. மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் இதென்ன வழக்கம் என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னேன். அதற்குத் தமிழிலோ இங்கிலீஷிலோ பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அஞ்சலை அந்த வழியில்தான் பல வருடம் ஓடினாள். பஸ்ஸில் யாராவது கோப்பி ஓவை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும், பேச்சுக் கொடுத்து எங்களிடம் அனுப்பிவிடுவாள். ஒருநாள் நடுப்பகலில், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன் பிடிக்கிறவர் மனைவி. ஈப்போவில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கத் தாப்பாவில் பஸ் மாறியவளை அஞ்சலை பிடித்திருக்கிறாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், உலர்ந்த உதடு.

"பஸ்ஸுல இருக்கிற அக்கா சொன்னாங்க, ராஜம் மிசியத்தான் பாக்கணும்னு. என்ன எடை பாக்கணுமா மிசி?"

"அத அப்புறம் பாக்கலாம்மா. எப்ப சாப்டே?"

"நேத்து."

வரிசையில் இருந்தவர்களை உதவித் தாதியிடம் விட்டுவிட்டு அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுடச்சுட ஒரு தோசை வாங்கி வைத்தேன். பயந்து பயந்துதான் முதல் துண்டைப் பிய்த்தாள். நான் அவள் தட்டைப் பார்க்காமல் அவள் ஊரைப் பற்றியும், கடல் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டு காலியானது. தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் தன் வயிற்றுக்குள் யாரோ பேசுவதைக் கேட்கிறவள்போல் சும்மா இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"மிசி, இன்னொண்ணு சாப்டலாமா? இன்னும் பசிக்குது."

நான் எழுந்து போய் அவளுக்கு இன்னொரு தோசை வாங்கி வந்தேன்.